பழைய வீடியோ கேம் பெட்டிப் படங்களை அச்சடித்து விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஸ்டிக்கர் கட்டிங், டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்களும், பிளைவுட்டில் ஆர்கேட் பெட்டி (கடைகளில் காசு போட்டு நின்று ஆடும் வீடியோ கேம் பெட்டி) செய்து விற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பெட்டியின் தலையில் விளக்கு எரியும் பெயர்ப் பலகை (மார்க்கீ), இரண்டு பக்கமும் ஒட்டும் பெரிய படம் (சைடு ஆர்ட்), திரையைச் சுற்றி வரும் பெசல், ஜாய்ஸ்டிக் பலகையின் ஸ்டிக்கர் ஆகிய நான்கைப் பற்றித்தான் பேச்சு. நான் அச்சுத் தொழிலில் இருப்பவன், வக்கீல் இல்லை. கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம், வேறு பெயர் சொல்லாத இடத்தில், 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் எண்கள்.

நாற்பது வருடத்துப் பழைய கேம், இன்னுமா காப்பிரைட் இருக்கும்?

இருக்கும். ஓவியத்துக்கு நம் சட்டத்தில் வரைந்தவரின் ஆயுள், அதற்கு மேல் 60 வருடம் (பிரிவு 22). வரைந்தவர் யாரென்றே தெரியாவிட்டால் வெளியான வருடத்திலிருந்து 60 வருடம் (பிரிவு 23). காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி என்ற சரக்கே 1971ல்தான் விற்பனைக்கு வந்தது. இருப்பதிலேயே குறைந்த கணக்கைப் போட்டாலும் அந்த முதல் பெட்டிக்கே 2031 முடிய வேண்டும். 1978ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு அதே கணக்கில் 2038, 1980ல் வந்த பேக்மேனுக்கு 2040. வரைந்தவர் பெயர் தெரிந்தால் இன்னும் நீளும்.

வெளிநாட்டுப் படத்துக்கு இங்கே என்ன உரிமை என்று கேட்காதீர்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளின் படைப்புகளுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு, அமெரிக்காவும் ஜப்பானும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் கம்பெனிக்காகச் செய்த படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 வருடம், ஜப்பானில் கம்பெனிப் படைப்புக்கு 70.

ஒரே ஒரு சந்து உண்டு. 1989 மார்ச்சுக்கு முன் அமெரிக்காவில் வெளியானதில் உரிமைக் குறிப்பு அச்சாகியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது இல்லாமல் வந்து, பிறகும் சரிசெய்யப்படாத சில படங்கள் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டன. ஆனால் ஸ்கேன் செய்த படத்தில் குறிப்பு தென்படவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலும் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் ஸ்கேன் செய்திருப்பார்கள்.

கம்பெனியையே மூடிவிட்டார்களே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதை நம்பித்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கம்பெனி போனால் பெயர்ப் பலகை இறங்கும், உரிமை வேறு கைக்குப் போகும். திவாலான கம்பெனியில் கடைசியில் விற்க மிஞ்சுவது பல சமயம் அந்த உரிமைகள்தான், நாற்காலி மேசைக்கு யார் காசு தருவார்கள்.

அமெரிக்க கேம் கம்பெனி அடாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984ல் அது இரண்டாக உடைந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர், கேம் வியாபாரம் ஒரு பக்கம், ஆர்கேட் வியாபாரம் அடாரி கேம்ஸ் என்று மறுபக்கம். முதல் பாதி கை மாறிக் கை மாறி ஹாஸ்ப்ரோவிடம் வந்து, அங்கிருந்து இன்ஃபோகிராம்ஸுக்குப் போனது, அவர்கள்தான் இன்றைக்கு அடாரி என்ற பெயரில் இருக்கிறார்கள். இரண்டாவது பாதி 1996ல் வில்லியம்ஸ் குழுமத்துக்குப் போய், மிட்வே என்ற கேம் கம்பெனி வசம் இருந்து, 2009ல் மிட்வே திவாலானபோது வார்னர் பிரதர்ஸ் வாங்கியது. ஆக, உடைவதற்கு முன் வந்த ஆஸ்டராய்ட்ஸ், சென்டிபீட் கேம்கள் இன்றைய அடாரியிடம், உடைந்த பிறகு அதே பெயரோடு 1985ல் வந்த கான்ட்லெட் வார்னர் என்ற சினிமாக் கம்பெனியிடம். டிஃபென்டர், ஜோஸ்ட் மாதிரி பழைய வில்லியம்ஸ் பெட்டிகளும் அந்த வழியாக வார்னரிடம்தான் போய்ச் சேர்ந்தன.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்த டைட்டோவை 2005ல் ஸ்கொயர் எனிக்ஸ் என்ற இன்னொரு ஜப்பான் கேம் கம்பெனி வாங்கியது. டபுள் டிராகன் செய்த டெக்னோஸ் ஜப்பான் 1996ல் மூடிக்கொண்டது, 2015ல் அதன் சொத்துகளை ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் வாங்கியது. நடுவில் கிட்டத்தட்ட இருபது வருடம், ஆனாலும் உரிமை சாகவில்லை. 2018லிருந்து ஆர்கேட்1அப் என்ற கம்பெனி லைசென்ஸ் வாங்கி இந்தப் பழைய பெட்டிகளைச் சின்ன அளவில் செய்து விற்கிறது. அதாவது அந்தப் படங்களுக்கு இன்றைக்கும் ரொக்கம் வருகிறது. ரொக்கம் வரும் சொத்தை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஒரு கணிப்பு, உரிமை இல்லை என்பது வேறு. முதலாவதை நம்பி வியாபாரம் செய்வது உங்கள் இஷ்டம், இரண்டாவது என்று நினைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

எனக்கு வேண்டியது முஸ்தபா கேம் மட்டும்தான். நம்ம ஊரில் எல்லாப் பெட்டியிலும் அது இருந்ததே, ஒரிஜினல் கூட இல்லையே?

முஸ்தபாதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. ஒரு ரூபாய் காலத்தில் நம் பக்கத்துக் கடைகளில் முஸ்தபா என்று ஓடியது, 1993ல் கேப்காம் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். முஸ்தபா அதில் ஆடத் தேர்ந்தெடுக்கும் நால்வரில் ஒருவர், அவ்வளவுதான். இந்த கேமை கேப்காம் தானாக யோசித்துச் செய்யவில்லை, மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்காரரின் காமிக்ஸிலிருந்து உரிமை வாங்கிச் செய்தது. தலைப்பிலேயே இருக்கும் காடிலாக் ஜெனரல் மோட்டார்ஸின் கார் பெயர். ஒரு சைடு ஆர்ட் அடிக்க நீங்கள் மூன்று கதவைத் தட்ட வேண்டும். 2018ல் கேப்காம் தன் பழைய அடிதடி கேம்களைத் தொகுத்து வெளியிட்டபோது அந்தத் தொகுப்பில் இது இல்லை, அவர்களுக்கே அது லேசான காரியம் இல்லை போலிருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் இருந்தது பெரும்பாலும் நகல் போர்டு, தச்சர் செய்த பெட்டி, அதன் மேல் எங்கிருந்தோ எடுத்த படம். அப்போது எல்லோரும் செய்தார்கள் என்பது கோர்ட்டில் பதில் ஆகாது.

யாரிடம் அனுமதி கேட்பது? கேமை உருவாக்கிய கம்பெனியிடம் போதுமா?

எப்போதும் போதாது. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேறு கம்பெனி தயாரித்து விற்ற பெட்டிகளில் படம் இரண்டு விதமாக இருக்கும். பேக்மேன் நாம்கோவுடையது, ஆனால் நாமெல்லாம் படங்களில் பார்க்கும் அந்த மஞ்சள் பெட்டி அமெரிக்காவில் மிட்வே செய்தது. பாத்திரத்தின் உரிமை ஒருவரிடம், அந்தக் குறிப்பிட்ட ஓவியத்தின் உரிமை யாரிடம் என்பது அவர்கள் பழைய ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்களோ அதைப் பொறுத்தது. எழுதும்போதே எந்த வருடம், எந்த நாட்டுப் பெட்டி, எந்தப் பாகம் என்று போட்டோ வைத்து எழுதுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், ஐம்பது ஸ்டிக்கர் அடிக்கும் கடைக்குப் பெரிய கம்பெனியின் லைசென்ஸ் பிரிவு பதில் போடுவது அபூர்வம். போட்டாலும் மினிமம் கேரண்டி என்று, விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய ஒரு தொகை கேட்பார்கள், அதோடு நம் ஆசை அடங்கிவிடும். சின்னக் கம்பெனி, தனி ஓவியர் என்றால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி 5 வருடம்தான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான் (பிரிவுகள் 19, 30ஏ). வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு வரி கடிதத்தில் கட்டாயம் வேண்டும்.

என் வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டி, விற்கப் போவதில்லை.

தாராளமாக. தனிப்பட்ட உபயோகத்துக்கு நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள பிரிவு 52 இடம் கொடுக்கிறது. ஆனால் அதே பெட்டியை காட்பாடியில் ஒரு கபேயில் வைத்து டீக்கு வருகிறவர்களை ஈர்த்தால் அது வீட்டு உபயோகம் இல்லை. கபே சுவரில் பேக்மேன் வரைவதும் அப்படித்தான்.

அண்ணா, நான் ஜாப் ஒர்க் மட்டும்தான். கஸ்டமர் பென்டிரைவில் ஃபைல் கொண்டு வருகிறார், நான் அடித்துக் கொடுக்கிறேன். எனக்கு என்ன வரும்?

உங்களுக்குத்தான் முதலில் வரும். ஃபைல் கொண்டு வந்தவர் பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார், மெஷின் உங்கள் கடையில் நிற்கிறது. கஸ்டமர் வீட்டில் மாட்டிக்கொண்டாலும் நீங்கள் அடித்துக் காசு வாங்கியது வியாபாரம். பிரிவு 63 தெரிந்தே மீறுகிறவரை மட்டும் சொல்லவில்லை, அதற்கு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகம் 3 வருடச் சிறை, 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் கோர்ட் குறைக்கலாம், ஆனால் பில் போட்ட கடைக்காரர் அதைச் சொல்ல முடியாது. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் இந்த விஷயத்தில் ஹைகோர்ட்டுகள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் இருக்கிறது, அச்சுக்காரர்கள் கவனிக்காதது. சப் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் இருக்கும் அதிகாரி வாரண்ட் இல்லாமலே நகல்களையும் அவற்றைச் செய்யப் பயன்பட்ட பிளேட்டுகளையும் எடுத்துப் போகலாம் (பிரிவு 64). பிளேட் என்றால் பழைய ஆப்செட் தகடு என்று நினைக்காதீர்கள், சட்டத்தின் விளக்கத்தில் நகலெடுக்கும் கருவியும் அதில் அடக்கம். ஒரு மார்க்கீ ஆர்டருக்காக பிளாட்டரும் பிரிண்டரும் ஸ்டேஷனில் போய் நின்றால் கல்யாண சீசன், கட்சி பேனர் எல்லாம் போச்சு.

ஜாப் ஷீட்டில் "படத்தின் உரிமைக்கு நானே பொறுப்பு" என்று கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குவது நல்லதுதான், வாங்குங்கள். பிறகு அவரிடம் பணத்தைக் கேட்க உதவும். ஆனால் நின்டென்டோ படத்தைப் பார்த்துவிட்டு யாருடையது என்று தெரியாது என்று சொன்னால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

ஸ்கேன் செய்யவில்லை, கோரல் டிராவில் ஒவ்வொரு கோடாக நானே திரும்ப வரைந்தேன். அது என் படைப்புதானே?

உழைப்பு உங்களுடையது, படைப்பு இல்லை. கிழிந்துபோன சைடு ஆர்ட்டை போட்டோ எடுத்து, வண்ணம் பிரித்து, வெக்டராக (எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படமாக) மாற்றுவது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் உழைப்புக்கு உரிமை கிடையாது, குறைந்தபட்சக் கற்பனையாவது சேர வேண்டும் என்று 2007ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளதை உள்ளபடி கொண்டு வருவதுதான் உங்கள் வேலையின் பெருமையே, அப்புறம் கற்பனைக்கு அதில் எங்கே இடம்? இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், என் வெக்டர் ஃபைலைத் திருடிவிட்டான் என்று நகல் படம் விற்கிறவர்களே ஒருவர் மேல் ஒருவர் சண்டைக்குப் போகிறார்கள்.

"உரிமை அனைத்தும் அந்தந்த நிறுவனத்துக்கே" என்று கீழே போட்டுவிட்டால்?

போடாமல் இருப்பதே மேல். உரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று நிரூபிக்கிற ஆளுக்கு சிவில் வழக்கில் நஷ்டஈட்டிலிருந்து விலக்கு உண்டு (பிரிவு 55). அந்த வரியைப் போட்ட நிமிடம், தெரிந்துதான் செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

படத்தை மாற்றிவிடுகிறேன், பெயரும் லோகோவும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அப்போது பதிப்புரிமையை விட்டுவிட்டு டிரேட்மார்க்கில் போய் விழுகிறீர்கள். பதிப்புரிமையாவது ஒருநாள் முடியும், டிரேட்மார்க் 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் முடிவே இல்லை. 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தில் தண்டனையும் கிட்டத்தட்ட அதே அளவு, 6 மாதத்திலிருந்து 3 வருடம். குடியாத்தத்தில் தீப்பெட்டி போடுகிறவரிடம் போய் உங்கள் லேபிள் பெயரை நான் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பாருங்கள், மார்க்கீ விஷயத்தில் அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன தோன்றும் என்பது புரிந்துவிடும்.

50 காப்பிக்கு மேல் அடித்துவிட்டால் காப்பிரைட்டே போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. பிரிவு 15(2) சொல்வது இது. டிசைன் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனை உரிமையாளர் பதிவு செய்யாமல், தொழிற்சாலை முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் போட்டுவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை நின்றுவிடும். நீங்கள் அடிக்கும் 50 இல்லை, அவர் அல்லது அவர் அனுமதித்தவர் அடிக்கும் 50. ஆர்கேட் பெட்டி ஆயிரக்கணக்கில் செய்தார்கள், ஆகவே உரிமை போயிற்று என்பது வாதம்.

வாதத்தில் சாரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனித்து நிற்கும் ஓவியத்துக்கும் பொருளில் ஏற்றும் டிசைனுக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கிறது. எது எந்தப் பக்கம் என்று பார்க்க 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சோதனை முறையைக் கொடுத்திருக்கிறது, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். சைடு ஆர்ட் பெரும்பாலும் முழு ஓவியம், கழற்றி ஃபிரேம் போட்டு மாட்டினாலும் ஓவியமாகவே நிற்கும். வழக்கு வந்த பிறகு வக்கீல் எடுத்துப் பேச இது நல்ல பாயின்ட். இதை நம்பிக் கடை திறக்காதீர்கள். டிரேட்மார்க்குக்கு இந்தப் பிரிவு எந்த விதத்திலும் உதவாது.

பழைய ஒரிஜினல் மார்க்கீ என்னிடம் இருக்கிறது, விற்கலாமா?

விற்கலாம். ஏற்கெனவே புழக்கத்தில் வந்த பிரதியைக் கைமாற்றுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அதைப் பார்த்து இன்னொன்று அடிப்பதுதான் தப்பு. பெட்டியை விலைக்கு வாங்கினால் மரமும் கண்ணாடியும் உங்களுடையது, படத்தின் உரிமை அதோடு வராது.

ஆன்லைனில் போட்டேன், ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். எதிர்த்துக் கேட்கலாமா?

உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அதை மறைக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு விதி, 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். ஆனால் பெரிய விற்பனைத் தளங்கள் தங்கள் சொந்த விதியின்படி ஒரேயடியாகத் தூக்கிவிடும், இரண்டு மூன்று தடவை நடந்தால் கணக்கே போகும். கையில் அனுமதிக் கடிதம் இருந்தால் மட்டும் எதிர்த்து எழுதுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருகிறார்கள். இங்கே அடித்து அங்கே அனுப்பினால்?

அங்கே போய் இறங்கியதும் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். உரிய காலத்தில் பதிவான படைப்பு என்றால் உண்மையான நஷ்டத்தைக் காட்டாமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம், வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரை போகும். ஒரு பெட்டிக்கு மார்க்கீயில் ஒரு படம், பக்கத்தில் வேறு படம் என்று இருந்தால் எண்ணிக்கை ஏறும். அத்தனை விலை கொடுத்து வாங்குகிறவர் யாருக்காவது போட்டோ காட்டாமல் இருப்பாரா?

குண்டர் சட்டத்தில் போடுவார்களா?

2004ல் அதில் சேர்த்தது சினிமாத் திருட்டு வீடியோவை. ஸ்டிக்கருக்கு அது வராது.

அப்படியானால் என்னதான் விற்பது?

பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கருத்து பொது, அதை வெளிப்படுத்திய விதம்தான் காப்பாற்றப்படுகிறது என்று 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுபதுகளின் இறுதியில் வந்த அந்த ஆரஞ்சு, மஞ்சள், பழுப்புப் பட்டைகள், நெருப்பு கக்கும் ராக்கெட், சாய்ந்த தடித்த எழுத்து, பேய்க்குப் பதில் வேறு ஏதோ துரத்தும் ஒரு சந்துபொந்து, இதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். வாய் திறந்த மஞ்சள் வட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆசை, யாராவது வேலூர்க் கோட்டையை வைத்து ஒரு பெட்டி செய்யட்டும் என்று. அகழி, மதில், 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி, பக்கத்துப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கோட்டையைப் பார்த்து வரைய யாருடைய அனுமதியும் தேவையில்லை, உள்ளூர்க் கடைகளிலும் விலை போகும். கல்லூரிப் பையன்களில் நன்றாக வரைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் காசு கொடுத்து வரைய வைத்தால் உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு அந்தப் பையன் உங்களுக்கே நோட்டீஸ் அனுப்பக் கூடாது.

ஏஐயிடம் பேக்மேன் மாதிரி வரை என்று சொல்லி வாங்கிய படமும் பேக்மேன் மாதிரியே இருந்தால் நகல்தான். கருவி மாறினால் பொறுப்பு மாறாது.

நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்வது?

விற்பனையை அன்றைக்கே நிறுத்துங்கள். ஃபைலையும் பில்லையும் அழிக்காதீர்கள், மறைத்த மாதிரி ஆகிவிடும். நோட்டீஸ் அனுப்பியவரிடம் உண்மையில் உரிமை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கலாம், மேலே சொன்ன கை மாறிய கதைகளெல்லாம் இங்கேதான் பயன்படும். சம்பந்தமே இல்லாத ஆள் மிரட்டினால் பிரிவு 60ன் கீழ் நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம்.

உரிமையாளர் வேலூருக்கு வந்து வழக்குப் போட வேண்டும் என்றில்லை, தான் தொழில் நடத்தும் ஊரிலேயே போட பிரிவு 62 வழி விடுகிறது. டெல்லியில் ஆபீஸ் வைத்திருந்தால் டெல்லியில் போடுவார்கள், நீங்கள்தான் காட்பாடியில் ரயில் ஏற வேண்டியிருக்கும். சென்னை ஹைகோர்ட்டில் 2023லிருந்து அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே இந்த வழக்குகளை நடத்திப் பழகிய வக்கீலாகப் பார்த்துப் பதிலை எழுதச் சொல்லுங்கள். முதல் பதிலில் என்ன ஒப்புக்கொள்கிறோம் என்பதுதான் பிறகு எல்லா இடத்திலும் வந்து நிற்கும், ஆகவே அது போகும் வரை போனில் யாரிடமும் எத்தனை பீஸ் விற்றோம் என்று பேச வேண்டாம்.